நர்சிங் ஹோமில் பெரியவருக்குக் கொடுமை: வக்கீல் பிடிப்பது எப்படி? (நியூ ஜெர்சி)

வாசகர் கேள்வி – 6 அக்டோபர் 2024

அக்கா, பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா இங்கே ஒரு நர்சிங் ஹோமில் இருக்கிறார். போன வாரம் பார்க்கப் போனபோது மேல் கையில் நீலம் பாரித்திருந்தது. கேட்டால் கட்டில் கம்பியில் அவரே இடித்துக்கொண்டார் என்கிறார்கள். இடுப்புக்குக் கீழே புண் வேறு. அவரால் வாய் திறந்து எதுவும் சொல்ல முடியாது. வக்கீல் வைக்கலாம் என்றால் வீட்டில், "கொண்டுபோய் விட்டதே நாம்தான், எந்த முகத்தோடு கேஸ் போடுவது" என்கிறார்கள். டிவி விளம்பரத்தில் வருகிற வக்கீலைக் கூப்பிட்டுவிடவா? எவ்வளவு கேட்பார்கள்?

6 அக்டோபர் 2024, இரவு

உங்கள் வீட்டில் சொல்லும் அந்த வார்த்தை எங்கள் வீட்டிலும் ஓடியது. என் மாமியாருக்கு மறதி நோய். கற்றிருந்த ஆங்கிலம் முழுக்கப் போய், தமிழ் மட்டும் மிச்சமிருந்தது. வலிக்கிறது என்று அவர் சொன்னது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. புண் எலும்பு வரை போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போதும் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் முதல் பேச்சு.

வெட்கப்பட்டு உட்கார்ந்தால் நாள் ஓடும். நாள் ஓடினால் கேஸ் போகும். நியூ ஜெர்சியில் உடல் காயத்துக்கு வழக்குப் போட பொதுவாக 2 ஆண்டு. அதைவிட முக்கியமாக, அப்பா இருப்பது கவுண்டி (மாவட்ட அரசு) நடத்தும் ஹோம் என்றால், காயம் நேர்ந்து 90 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். யார் நடத்துகிறார்கள் என்பதை நாளைக்கே தெரிந்துகொள்ளுங்கள். நினைவு தப்பியவர்களுக்குக் காலக்கெடு நீளும் என்று சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

வக்கீல் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்கு முன், இன்றே புண்ணையும் நீலத்தையும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுத்தால் அளவு தெரியும்.

7 அக்டோபர் 2024

வக்கீலுக்கு முன்னால் ஆஸ்பத்திரி. அந்தப் புண்ணை வெளி டாக்டர் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அவசரப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவின் உடம்புக்கு நல்லது என்பது முதல் காரணம். இரண்டாவது காரணமும் உண்டு. 2008 முதல், ஆஸ்பத்திரியிலேயே உண்டான கடுமையான படுக்கைப் புண்ணுக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கூடுதல் பணம் தருவதில்லை. அதனால் வரும்போதே புண் இருந்தது என்பதை ஆஸ்பத்திரி தன் பாதுகாப்புக்காகவே அளந்து, எந்த நிலை என்று குறித்து வைக்கும். ஹோமின் சார்ட்டில் (நோயாளி பற்றிய பதிவேடு) "தோல் நன்றாக உள்ளது" என்று எழுதியிருக்கும் அதே நாளில் ஆஸ்பத்திரி தாளில் நான்காம் நிலைப் புண் (மிகக் கடுமையான நிலை) என்று இருந்தால், அதற்குமேல் வக்கீலுக்கு என்ன வேண்டும்? எங்கள் கேஸ் நின்றதே இந்த இரண்டு தாளின் மேல்தான்.

7 அக்டோபர் 2024, சற்று நேரம் கழித்து

சார்ட் கேட்டால் தருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தர வேண்டும். மெடிகேர், மெடிகேட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) பணம் வாங்கும் ஹோம்களுக்கான மத்திய விதிப்படி, நோயாளியோ அவர் சார்பில் சட்டப்படி பேச உரிமை உள்ளவரோ கேட்டால் 24 மணி நேரத்துக்குள் பார்க்க விட வேண்டும் (சனி, ஞாயிறு, விடுமுறை கணக்கில் வராது). நகல் கேட்டால் 2 வேலை நாளுக்குள் தர வேண்டும். நகலுக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம், அவ்வளவுதான். "எங்கள் சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும்" என்று இழுத்தால், விதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டதற்கு யாரிடமும் சாட்சி இருக்காது.

நர்ஸ் குறிப்பு மட்டும் வாங்கினால் பாதிதான் வரும். புரட்டிப் படுக்க வைத்த பதிவு, எடைப் பதிவு, சாப்பாட்டுப் பதிவு, மருந்துப் பதிவு, கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்), விழுந்ததற்கான அறிக்கை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். படுக்கைப் புண் கேஸில் எடைப் பதிவு பெரிய விஷயம். மாமியாரின் எடை மாதா மாதம் இறங்கியது அவர்கள் கையாலேயே எழுதப்பட்டிருந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை.

9 அக்டோபர் 2024

பவர் ஆஃப் அட்டர்னி (தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) இருக்கிறதா? அப்பா தெளிவாக இருந்த காலத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். இல்லை என்றால், அவர் சார்பில் வக்கீலை அமர்த்தவே கார்டியன் (சட்டப்படியான பாதுகாவலர்) நியமனத்துக்கு நீதிமன்றம் போக வேண்டியிருக்கலாம். முதல் சந்திப்பிலேயே வக்கீல் இதைக் கேட்பார். கேட்காவிட்டால் அதுவே ஒரு அடையாளம்.

12 அக்டோபர் 2024

இப்போது வக்கீல்.

"எல்டர் லா" என்று பலகை வைத்திருப்பவரிடம்தான் நம்மவர்கள் முதலில் போகிறார்கள், பெயரில் பெரியவர்கள் இருப்பதால். அவர்களில் பெரும்பாலானவர்களின் வேலை உயில், டிரஸ்ட், மெடிகேட் விண்ணப்பம். நல்ல வேலைதான், ஆனால் நமக்கு வேண்டியது நர்சிங் ஹோமை நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறவர். கார் விபத்து வக்கீலும் போதாது. கார் விபத்தில் யார் இடித்தார்கள் என்று போலீஸ் அறிக்கை சொல்லிவிடும். இங்கே ஆள் பற்றாக்குறை, எழுதாமல் விட்ட பதிவு, பின்னால் எழுதிச் சேர்த்த பதிவு, ஒரு ஹோமுக்குப் பின்னால் கட்டிடத்துக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று என்று நிற்கும் கம்பெனிகள், இவ்வளவையும் தோண்ட வேண்டும்.

மேலும் நியூ ஜெர்சியில் எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்த 60 நாளுக்குள், தகுதியுள்ள ஒரு மருத்துவத் துறை நிபுணர் "இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது" என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். நீதிமன்றம் நீட்டித்தாலும் இன்னும் 60 நாள்தான். அது தவறினால் நல்ல கேஸும் தள்ளுபடியாகலாம். எனவே நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: "இந்தக் கேஸுக்கு எந்த மாதிரி நிபுணரிடம் போவீர்கள்?" நர்சிங் ஹோம் கேஸ் செய்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார். புண்ணுக்கு ஒருவர், நர்சிங் தரத்துக்கு ஒருவர் என்று பிரித்தே சொல்வார்.

டிவி விளம்பர வக்கீல் பற்றி: கூப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் அங்கே எடுப்பவர் வக்கீலாக இருக்க மாட்டார். பல இடங்களில் கேஸை வாங்கி வேறு ஆபீசுக்கு அனுப்பிவிட்டுக் கட்டணத்தில் பங்கு வாங்குகிறார்கள். அதுவே குற்றம் என்று நான் சொல்லவில்லை. யார் கையில் என் அப்பாவின் ஃபைல் இருக்கும், சாட்சி விசாரணைக்கு யார் வருவார், நீதிமன்றத்தில் யார் நிற்பார் என்று பெயரோடு கேளுங்கள். அந்தப் பெயரை மாநில நீதித்துறையின் வக்கீல் பட்டியலில் போட்டு, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். இலவசமாகவே பார்க்கலாம்.

12 அக்டோபர் 2024, இரவு

விட்டுப்போன ஒன்று. சாட்சியங்களைக் கொட்டுமுன் அந்த ஹோமின் பெயரைச் சொல்லி, "இவர்களுக்கோ இவர்களின் உரிமையாளர்களுக்கோ உங்கள் ஆபீஸ் வேலை செய்திருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள்.

15 அக்டோபர் 2024

கட்டணம். கையில் இருந்து முதலில் பணம் கட்ட வேண்டாம். இந்த வகைக் கேஸ்கள் கன்டின்ஜென்சி முறையில்தான் ஓடுகின்றன. வென்றால் ஒரு பங்கு, இல்லாவிட்டால் கட்டணம் இல்லை. பல மாநிலங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை கேட்பார்கள். நியூ ஜெர்சியில் நீதிமன்ற விதியே உச்சவரம்பு வைத்திருக்கிறது: முதல் 7,50,000 டாலருக்கு 33⅓ சதவீதம், அதற்கு மேல் படிப்படியாகக் குறையும். செலவைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகையில்தான் பங்கு. நினைவுத் திறன் இழந்த கட்சிக்காரருக்காக, ஜூரி அமர்வதற்கு முன்பே சமரசம் ஆனால் 25 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எங்களுக்கு வந்த முதல் ஒப்பந்தத்தில் இந்த வரி இல்லை. கேட்டோம், சேர்த்தார்கள்.

"கட்டணம் இல்லை" என்பதும் "செலவு இல்லை" என்பதும் வேறு. நிபுணர், டெபொசிஷன் (நீதிமன்ற விசாரணைக்கு முன் வக்கீல்கள் எடுக்கும் சத்திய வாக்குமூலம்) பதிவு, ஆவண நகல் எல்லாம் சேர்ந்தால் பல்லாயிரம் டாலர். தோற்றால் அந்தச் செலவு யார் தலையில்? ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுத்தில் இல்லாத கன்டின்ஜென்சி ஒப்பந்தமே கூடாது.

16 அக்டோபர் 2024

உங்கள் தம்பி எழுதிய பயம் எனக்கும் இருந்தது: புகார் கொடுத்தால் அப்பாவை வெளியே அனுப்பிவிடுவார்களோ, கோபத்தைக் கையில் காட்டுவார்களோ. 1987 இல் வந்த மத்திய நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. குறை சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது. வெளியேற்றுவதற்கு விதியில் உள்ள ஒருசில காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும், பொதுவாக 30 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் வேண்டும், மேல்முறையீடும் செய்யலாம்.

சட்டம் இருக்கிறது என்பதால் பயம் போய்விடாது, தெரியும். எனவே ஓம்புட்ஸ்மேனை, அதாவது ஹோமில் இருப்பவர்களுக்காகக் குறை கேட்கும் அதிகாரியைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு, காசு கிடையாது. குடும்பம் கேட்கும்போது காதில் வாங்காத நிர்வாகி, ஓம்புட்ஸ்மேன் உள்ளே நடந்து வரும்போது எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் 1-800-677-1116 என்ற மத்திய முதியோர் உதவி எண்ணில் உங்கள் பகுதி ஓம்புட்ஸ்மேன் யார் என்று கேட்கலாம்.

யாராவது அடித்திருக்கலாம் என்று தோன்றினால் போலீஸ். தயங்க வேண்டாம். கொடுமை நடந்ததாகச் சொன்னாலே ஹோம் 2 மணி நேரத்துக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய விதி. நியூ ஜெர்சியில் 2017 இல் வந்த பெக்கியின் சட்டம், சந்தேகம் வந்தால் ஊழியர்களே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது.

19 அக்டோபர் 2024

கேமரா பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இந்த மாநிலத்தில் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவே "சேஃப் கேர் கேம்" என்று, மறைத்து வைக்கும் சிறு கேமராவை இலவசமாக இரவல் தருகிறது, 2016 முதல். அறையில் இன்னொருவர் இருந்தால் அவருடைய அந்தரங்கமும் இருக்கிறது. வைக்குமுன் வக்கீலிடம் ஒரு வார்த்தை.

27 அக்டோபர் 2024

நீங்கள் கூப்பிட்ட முதல் ஆபீஸ் "எங்களால் எடுக்க முடியாது" என்று சொன்னதும் மனசு உடைந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. வக்கீல் போடுவது பணக் கணக்கு. அப்பாவுக்குச் சம்பளம் இல்லை, எனவே வருமான இழப்பு இல்லை. வயதையும் முன்பே இருந்த நோயையும் காட்டி எதிர்த்தரப்பு தொகையைக் குறைக்கும். நிபுணர் செலவு மட்டும் குறையாது. இந்தக் கணக்கு எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். வயதானவரின் வலிக்கு விலை குறைவு என்று சொல்லாமல் சொல்வது அது. ஆனாலும் அதைப் புரிந்துகொண்டால் அடுத்த ஆபீசுக்கு நம்பிக்கையோடு போகலாம்.

எடுக்க மறுப்பவரிடம் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். காலக்கெடு எந்தத் தேதி என்று அவர் நினைக்கிறார் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை ஃபோனில் கண்ணீரோடு முழுக்கதை சொல்ல வேண்டாம். ஒரு பக்கத்தில் தேதி வாரியாக: எப்போது சேர்த்தோம், அப்போது தோல் எப்படி, எடை என்ன, எப்போது புண், யாரிடம் சொன்னோம், என்ன பதில். ஆஸ்பத்திரி தாளும் படமும் கூட. என் கணவர் இப்படி ஒரு பக்கம் தயார் செய்த பிறகுதான் எங்களுக்கு வக்கீலே நேரில் பேசக் கிடைத்தார்.

28 அக்டோபர் 2024

அந்த ஹோமின் பழைய சரித்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெடிகேரின் "கேர் கம்பேர்" பக்கத்தில் நட்சத்திரம் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். 2019 முதல், கொடுமைக்காக மேற்கோள் காட்டப்பட்ட ஹோம்களுக்குச் சிவப்பு வட்டத்தில் கை அடையாளம் போடுகிறார்கள். அதற்கும் கீழே போனால் ஆய்வு அறிக்கைகள். 2567 என்ற படிவம். யாரை எத்தனை மணி நேரம் ஈரத்தோடு விட்டார்கள் என்பது வரை அதில் இருக்கும். படிக்க நெஞ்சு தாங்காது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு நடந்தது முன்பே இன்னொருவருக்கும் நடந்து, மாநிலம் எச்சரித்திருந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்களால் சொல்ல முடியாது.

3 நவம்பர் 2024

சேர்க்கும் நாளில் கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுக்குள் ஆர்பிட்ரேஷன் தாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதாவது ஜூரி இல்லை, தனியார் நடுவர். 2019 விதிப்படி, அதில் கையெழுத்துப் போட்டால்தான் இடம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. போட்ட பிறகும் 30 நாளுக்குள் திரும்பப் பெறலாம். உங்களுக்கு 30 நாள் தாண்டிவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கையெழுத்து யாருடையது? உங்கள் அண்ணனுடையது என்றால், அப்பாவின் சார்பில் போட அவருக்கு அதிகாரம் இருந்ததா? புரியும் மொழியில் விளக்கினார்களா? வக்கீல் இதை வரி வரியாகப் பார்ப்பார். பார்க்காமல் "பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்" என்றால் அவர் வேண்டாம்.

அதே காகிதக் கட்டுக்குள், பணம் கட்டாவிட்டால் மகன் பொறுப்பு என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். சேர்ப்பதற்கு நிபந்தனையாக மூன்றாம் நபரின் சொந்த உத்தரவாதம் கேட்பதை மத்திய விதி தடுக்கிறது.

10 நவம்பர் 2024

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு: மேலே நான் எழுதிய 25 சதவீதமும் 60 நாளும் இந்த மாநிலத்துக்கு மட்டும். டெக்சாஸில் வழக்குக்கு 60 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும், நிபுணர் அறிக்கைக்குத் தனிக் கெடு, வலி வேதனைக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. அங்கே வக்கீல் கிடைப்பது கடினம் என்று தோழி எழுதியதற்கு அதுதான் காரணம். கலிபோர்னியாவில் முதியோர் கொடுமைச் சட்டம் தனியாக இருக்கிறது. வேண்டுமென்றோ கண்டும் காணாமலோ விட்டார்கள் என்று வலுவாக நிரூபித்தால் எதிர்த்தரப்பே வக்கீல் கட்டணம் கொடுக்க வேண்டும். இல்லினாயில் நர்சிங் ஹோம் பராமரிப்புச் சட்டத்திலும் கட்டணம் வாங்க வழி உண்டு. அந்தந்த மாநில உரிமம் உள்ள வக்கீலைத்தான் பிடிக்க வேண்டும். சொந்தக்காரரின் நண்பர் நியூயார்க்கில் பெரிய வக்கீல் என்பது இங்கே உதவாது.

10 நவம்பர் 2024, மாலை

கவுண்டி ஹோம் பற்றிக் கேட்டவருக்கு: 2023 இல் தலெவ்ஸ்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசு நடத்தும் ஹோம்கள் மத்திய சட்டம் தரும் உரிமைகளை மீறினால், அங்கே இருப்பவர் சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம் என்று சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின் மையத்தில் இருந்தவரும் மறதி நோய்க்காரர்தான். தேவையில்லாத மனநல மருந்து கொடுத்து அடக்கிவைத்தார்கள், வேறு இடத்துக்கு மாற்றப் பார்த்தார்கள் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. மருந்துப் பதிவை வாங்கச் சொன்னது இதற்கும்தான். எங்கள் மாமியார் பகலெல்லாம் தூங்கியதற்கும் காரணம் அந்தப் பதிவில்தான் கிடைத்தது.

24 நவம்பர் 2024

வக்கீல் கிடைத்துவிட்டார் என்ற செய்தி படித்து நிம்மதி. இரண்டு பேரில் யாரை எடுப்பது என்று கேட்டபோது எதுவும் சொல்லாமல் இருந்தேன், நீங்களே முடிவு செய்ய வேண்டும் என்று. இப்போது சொல்கிறேன், நானும் அந்த இரண்டாமவரைத்தான் எடுத்திருப்பேன். முதலாமவர் எவ்வளவு கிடைக்கும் என்று தொகை சொன்னார். இரண்டாமவர் அப்பா இப்போது எங்கே இருக்கிறார், பாதுகாப்பாக இருக்கிறாரா என்று கேட்டார். ஃபைலைத் திறக்காமலே தொகை சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

அவரிடம் முதல் வாரமே கேளுங்கள்: சார்ட், கேமரா பதிவு, ஊழியர் பணிப்பட்டியல் எதையும் அழிக்கக் கூடாது என்று ஹோமுக்குக் கடிதம் போய்விட்டதா? வராந்தா கேமரா பதிவுகள் தானாக அழிந்துகொண்டே இருக்கும்.

8 பிப்ரவரி 2025

இடையில் எழுத முடியவில்லை. நீங்கள் அப்பாவை வேறு இடத்துக்கு மாற்றியது நல்லது. கேஸ் நடக்கும்போது அங்கேயே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மௌனம் பற்றி ஒரு வார்த்தை. வக்கீலிடமிருந்து மாதக்கணக்கில் ஃபோன் வராது. எங்களுக்கும் வரவில்லை. அதற்காகக் கேஸ் செத்துவிட்டது என்று இல்லை, ஆவணப் பரிமாற்றம் அவ்வளவு இழுக்கும். ஆனால் நீங்கள் எழுதிக் கேட்டும் பதில் இல்லை என்றால் அது வேறு. கட்சிக்காரருக்கு நிலவரம் சொல்வது அவர் கடமை. கன்டின்ஜென்சியில் இருந்தாலும் வக்கீலை மாற்றலாம். பழையவரும் செய்த வேலைக்குப் பங்கு கேட்பார், அதைப் புதியவரோடு முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

டெபொசிஷனில் உங்களைத்தான் குடைவார்கள்: எத்தனை முறை போய்ப் பார்த்தீர்கள், ஏன் முன்பே சொல்லவில்லை. என் கணவர் அந்த அறையில் தலை குனிந்தார். எங்கள் வக்கீல் இடைவேளை கேட்டு வெளியே அழைத்துப்போய், "பார்த்துக்கொள்ளப் பணம் வாங்கியது அவர்கள்" என்றார். வீட்டில் இன்னும் முகம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

30 ஆகஸ்ட் 2025

சமரசப் பேச்சு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தலைப்புத் தொகையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டாம். புண்ணுக்கு வைத்தியம் பார்த்த செலவை மெடிகேர் அதிலிருந்து திரும்பக் கேட்கும், 1980 முதல் சட்டம் அப்படி. மெடிகேட் இருந்தால் அதுவும் கேட்கும். கையில் மொத்தமாகப் பணம் வந்தால் அப்பாவின் மெடிகேட் தகுதி போகலாம். அன்று வேண்டாம் என்றேனே அந்த எல்டர் லா வக்கீல், அவரிடம் போக வேண்டிய நேரம் இதுதான். அப்பாவால் முடிவெடுக்க முடியாது என்பதால் நீதிபதி முன் ஒரு ஒப்புதல் விசாரணையும் இருக்கும்.

ரகசிய ஷரத்து இருந்தால், தொகையை மறைப்பது வேறு, நடந்ததை மறைப்பது வேறு. மாநில சுகாதாரத் துறையிடமும் ஓம்புட்ஸ்மேனிடமும் பேசத் தடை இல்லை என்று ஒரு வரி எழுதாமல் நாங்கள் கையெழுத்துப் போடவில்லை.

6 செப்டம்பர் 2025

ஆமாம், கடைசியில் வக்கீல் கணக்குத் தாள் தர வேண்டும்: மொத்தம், செலவு ஒவ்வொன்றும், மெடிகேருக்குப் போனது, கட்டணம், அப்பாவுக்கு மிச்சம். செலவைக் கழித்த பிறகு கட்டணம் போட்டிருக்கிறாரா என்று ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்.

மெடிகேரின் இறுதித் தொகைக் கடிதம் வரும் முன் பணம் பிரிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். அது வரத் தாமதமாகும், எங்களுக்கும் அப்படித்தான்.